வலது கை எழுந்த உயரம்

அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆடல் ஆவணக் காப்பகத்தில் சேர்வதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் தட்டச்சு செய்தவள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, கண்ணில் படுவதை வாயால் சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள். எலும்பு முறிவு இல்லை. மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது. இடது பக்கம் லேசாக நிழல் தெரிகிறது. 'பாவம், இந்த மனுஷனுக்கு ரொம்ப வலிக்குமே' என்று ஒரு டாக்டரும் ஒரு நாளும் சொன்னதில்லை. கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே. அந்தப் பழக்கம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது.

பிறகு, டாக்டர் பேசினால் தானே எழுதிக்கொள்ளும் கணினி வந்தது. தட்டச்சுப் பிரிவை மூடினார்கள். நாற்பத்தாறு வயதில் கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நாலு மாதம் ஜன்னல் கம்பியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். ஐந்தாவது மாதம், 'வீடியோப் பதிவுகளைப் பார்த்து விவரம் எழுத ஆள் தேவை' என்ற விளம்பரத்தைக் கணவர்தான் கத்தரித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

நேர்முகத்தில் காப்பக மேலாளர் கேட்டாள். மேலாளருக்கு வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாது மேடம். ஆனா மேடை கோணலா இல்லையான்னு கேட்டா, பாத்துக் கரெக்டாச் சொல்லிடுவேன்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தாள். வேலை கிடைத்தது.

வேலை என்னவென்றால், பார்ப்பது. ஒரு புத்தகத்தில் 'நதி' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டால் கணினி ஒரு நொடியில் காட்டிவிடும். ஆயிரம் மணி நேர ஆட்டத்தில் ஒற்றைக்காலில் திரும்பும் இடங்களைக் காட்டு என்றால் விழிக்கும். யாராவது ஒருவர் முன்பே உட்கார்ந்து, இந்தப் பதிவில், இந்த நிமிடத்தில், இந்த நொடியில், வலது கால் தரையில், இடது முழங்கால் மடங்கியிருக்கிறது, உடல் முழுச் சுற்று திரும்புகிறது என்று எழுதிவைத்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் எக்ஸ்ரே அக்கா. எழுதுவதற்கு மேலாளர் தயாரித்த சொற்பட்டியல் ஒன்று இருந்தது. முந்நூற்று நாற்பது சொற்கள். அதற்குள்தான் உலகத்து ஆட்டமெல்லாம் அடங்க வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும், ஒரு நிமிட ஆட்டத்தை எழுத முக்கால் மணி நேரம் ஆகும். காப்பகம் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறை. நாடாக்கள் கெடக்கூடாது என்று வருடம் முழுக்கக் குளிரவைத்திருப்பார்கள். நாடாவுக்குக் குளிர் நல்லது. கழுத்துக்கு யார் பார்ப்பது? கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சால்வையை மேலே சுற்றிக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, மற்றவர்களுடைய கால்களைப் பார்த்துப் பார்த்து ஆறு வருடம் ஓடியது.

கணவர் லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் சரிந்திருப்பார்கள்.

"இன்னிக்கு எத்தன நிமிஷம் ஆட்டம்?" என்பார் அவர்.

"ஏழு. உங்களுக்கு?"

"பதினாலு மாடி. ரெண்டு வாட்டி. படிக்கட்டுல."

"லிப்ட் ரிப்பேர்காரருக்கு லிப்ட் இல்லையாக்கும்."

"அது ஓடினா என்னை எதுக்குக் கூப்பிடறான்?"

அதற்கு மேல் பேச இருவருக்கும் தெம்பு இருக்காது.

ஏழாவது வருடத் தொடக்கத்தில் ஒரு ஆடல் குழுவின் பெட்டிகள் வந்து இறங்கின. அந்தக் குழுவை நடத்தியவரை ஊரே மாஸ்டர் என்று சொல்லும். இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய முதல் மாணவர் இப்போது பள்ளியை நடத்துகிறார். அவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் வீட்டுப் பரணில் கிடந்தவை அந்த நாடாக்கள். மேலே தண்ணீர்த் தொட்டி கசிந்ததில் பசை இளகி, ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் உதிர்ந்து பெட்டியின் அடியில் கூழாகக் கிடந்தன. நாடாவுக்குள் படம் பிழைத்திருந்தது. எது எந்த வருடம் என்பது மட்டும் போய்விட்டது.

அவற்றில் ஒரே ஆட்டம் பதினேழு முறை இருந்தது. மாஸ்டர் தனியாக ஆடும் ஒன்பது நிமிட ஆட்டம். ஒவ்வொரு வருட விழாவிலும் அதை ஆடியிருக்கிறார். ஒரே உடை, ஒரே பின்திரை, ஒரே மேடை. பதினேழையும் கால வரிசையில் அடுக்க வேண்டும்.

"முடியலைன்னா வருடம் தெரியவில்லைன்னு போட்டுடலாம் அக்கா" என்றாள் மேலாளர்.

"எழுதி முடிக்கறதுக்குள்ள ஏதாவது தட்டுப்படும், விடுங்க" என்றாள் இவள். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

பதினேழு முறை அதே ஒன்பது நிமிடம். மூன்றாவது வாரத்தில் அவளுக்கு மாஸ்டரைக் கண்டாலே கொட்டாவி வந்தது. பல் தேய்க்கும்போது அவருடைய இடது பாதம் திரும்பும் விதம் நினைவில் வந்து தொலைத்தது. 'இன்னும் எத்தன?' என்று கணவர் கேட்டபோது, 'ஒண்ணே ஒண்ணுதான், பதினேழு வாட்டி' என்றாள்.

ஆறாவது நிமிடத்தில் ஓர் இடம் வரும். மாஸ்டர் பார்வையாளரை நோக்கி நிற்பார். இடுப்பருகே இருக்கும் வலது கை, உள்ளங்கை வெளியே பார்க்க, மெல்ல மெல்ல எழுந்து தலைக்கு மேலே போகும். போய் ஒரு கணம் நிற்கும். இவ்வளவுதான். முதலில் எழுதிய பதிவில் 'வலது கை தலைக்கு மேல்' என்று எழுதினாள். அடுத்ததில் 'வலது கை நெற்றி வரை'. இன்னொன்றில் 'தலைக்கு மேல், முழங்கை சற்று மடங்கி'. வேறொன்றில் 'காது வரை. உடல் இடப்பக்கம் சாய்ந்து'. இன்னும் ஒன்றில் கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. இடது கை வந்து வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோயிற்று.

அந்தக் கடைசி அசைவுக்குச் சொற்பட்டியலில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: மணிக்கட்டுத் தாங்கல். வாத்தியார் சொல்லிச் சேர்த்தது. 'இக்குழுவின் தனிமுத்திரை. மனிதன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்வதைக் குறிக்கும்' என்று விளக்கமும் இருந்தது. அவர் பள்ளியில் படிக்கும் நூற்றுச் சொச்சம் பேரும் அப்படித்தான் கையைத் தூக்குகிறார்கள்.

உடல் சாய்ந்து காது வரை எழுந்த அந்தக் கையில் அவள் கண் நின்றது. தோளைத் தூக்க முடியாதவர்கள் உடம்பைச் சாய்த்து உயரத்தைத் திருடுவார்கள். எக்ஸ்ரே அறை வாசலில், சட்டையைக் கழற்றத் திணறிய எத்தனையோ பேரை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். எழுதியவற்றை அச்செடுத்து, கையின் உயரப்படி மேசையில் வரிசையாகப் பரப்பினாள். தலைக்கு மேல், தலைக்கு மேல் மடங்கி, நெற்றி, காது, தோள். உயரம் ஒன்றாக இருந்தவற்றை முழங்கை மடிப்பும் உடல் சாய்வும் பார்த்து முன்பின் வைத்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அந்தக் கை வருடா வருடம் இறங்கியிருந்தது.

தேறி வந்த கையாகவும் இருக்கலாமே என்று தன்னையே மடக்கிக் கேட்டாள். சத்தத்தைத் திறந்து எல்லாவற்றின் தொடக்கத்தையும் கேட்டாள். இரண்டில் மட்டும் அறிவிப்பாளர் குரல் இருந்தது. கை காது வரை எழுந்த பதிவில் 'ஒன்பதாம் ஆண்டு விழா' என்றார். மணிக்கட்டைப் பிடித்த ஒன்றில் 'பதினைந்தாம் ஆண்டு விழா'. இறங்கிய கைதான். வரிசை கிடைத்துவிட்டது.

சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. படிவத்தில் 'வரிசைக்கான ஆதாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் விட்டால் கணினி பதிவைச் சேமிக்காது. அவள் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மேலாளர் மூன்று பதிவுகளைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப இந்த மணிக்கட்டுத் தாங்கல்..."

"கை வரல. அதான் தாங்கியிருக்கார்."

"வாத்தியார் காதுக்குப் போனா குதிப்பாரே அக்கா."

"பட்டியல்ல 'குதித்தல்' இருக்கு மேடம். எழுதிடலாம்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தாலும் முழுதாக வரவில்லை. "மாஸ்டர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றாள்.

மாஸ்டரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. குளிருக்கு எக்ஸ்ரே அக்கா தன் சால்வையை எடுத்துக் கொடுத்தாள். பதிவைப் போட்டதும் அந்த அம்மாள் திரையைப் பார்த்ததைவிட மேசையில் பரப்பியிருந்த தாள்களையே அதிகம் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தினமும் சட்டை மாட்டிவிட்டவ நான். எனக்குத் தெரியாதா? மேடையில லைட்டுக் கட்ட ஏணியில ஏறினார். ஏணி சறுக்கிடுச்சு. கீழ விழல, ஒத்தக் கையில தொங்கினார். அன்னிக்கு உள்ள ஏதோ கிழிஞ்சுது. அது அஞ்சாவது வருஷமோ ஆறாவது வருஷமோ."

"டாக்டர்கிட்ட போனாரா?"

"போனார். ஆறு மாசம் ஆடக்கூடாதுன்னார். இவர் டாக்டரை மாத்தினார். அவரும் அதையே சொன்னார். அப்புறம் டாக்டர்னு ஒரு ஜாதியையே விட்டுட்டார்." அந்த அம்மாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வெளிய மூச்சு விடாதேன்னார். நானும் விடல. புள்ளைங்களுக்கே தெரியாது."

"நான் எழுதணும்மா. எழுதாம வரிசை நிக்காது. நீங்க வேண்டாம்னா, வருஷம் தெரியலன்னு போட்டு மூடிடறேன்."

"எழுதுங்க. எத்தன வருஷம்தான் நான் ஒருத்தியே சுமக்கறது, எனக்கும் அசதியா இருக்கு. ஆனா வலின்னு மட்டும் எழுதாதீங்க. அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல."

"நான் கண்ணுக்குத் தெரியறதைத்தாம்மா எழுதுவேன்."

மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார். மாஸ்டர் வீட்டம்மாவே அவருக்குச் சொல்லியிருந்தார். அறுபது வயது மனிதர், படிக்கட்டில் தடதடவென்று ஏறி வந்தார்.

"யாருங்க இங்க எக்ஸ்ரே?"

"நான்தான் சார். உக்காருங்க."

"உக்காரத்தான் வந்தேனா? எங்க மாஸ்டருக்குக் கை வெளங்காமப் போச்சுன்னு எழுதப்போறீங்களாமே? நூறு பேருக்கு மேல அதைக் கத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்கு ஒரு பொண்ணு வந்து, 'சார், நீங்க சொல்லிக்குடுத்தது நொண்டிக் கையா?'ன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"அப்படியெல்லாம் எழுத மாட்டேன் சார். கை எந்த உயரத்துல நின்னுதுன்னு..."

"அவர் அதை வேணும்னுதான் செஞ்சார்! பக்கத்துல இருந்து பாத்தவன் நான். ஆடத் தெரியாத உங்களுக்கு என்ன தெரியும்?"

வந்த வேகத்திலேயே போய்விட்டார். மேலாளர் கதவைச் சாத்தினாள். "ஊர் வாயை மூட முடியாதுக்கா. நீங்க எழுதுங்க" என்றாள்.

ஆடத் தெரியாது என்றதில் எக்ஸ்ரே அக்காவுக்கு ஒன்றும் சுடவில்லை, உண்மைதானே. 'வேணும்னுதான் செஞ்சார்' என்ற சொல்தான் உள்ளே நெருடிக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லும் முகத்தோடு சொல்லவில்லை. இவள் கையின் உயரத்தை அளந்தாளே தவிர, இடது கை எப்போது கிளம்பியது என்று பார்த்திருக்கவில்லை. வலது கையிலேயே கண் நின்றுபோன பிறகு இடது கையை யார் பார்த்தார்கள்?

கடைசி எட்டுப் பதிவுகளை மறுபடி எடுத்தாள். 'ஐயோ' என்று உடம்பு சொன்னது. கழுத்துக்குப் பின்னால் சால்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்துக்கொண்டு, படம் படமாக நகர்த்தினாள். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம்.

பத்தாம் வருடம்: வலது கை தோளருகே நிற்கிறது. மாஸ்டரின் கண் அந்தக் கைக்குத் தாவுகிறது. முக்கால் நொடி கழித்து இடது கை அவசரமாக வந்து மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கைக்குக் கீழே பிடித்துவிடுகிறது. தாளம் ஒன்று தவறுகிறது. பதினோராம் வருடம்: மறுபடியும் தாமதம்தான், ஆனால் பிடி சரியாக மணிக்கட்டில் விழுகிறது. பன்னிரண்டு: இடது கை முன்கூட்டியே வயிற்றருகே வந்து காத்திருக்கிறது. பதின்மூன்று: இரண்டு கையும் ஒன்றாகக் கிளம்புகின்றன.

பதினாலாம் வருடப் பதிவில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கை முதலில் கிளம்புகிறது. வலது கை இன்னும் இடுப்பில் இருக்கும்போதே இடது கை வந்து அதைப் பிடிக்கிறது. கண் கையைப் பார்க்கவில்லை, நேரே பார்க்கிறது. ஒரே சீராக, ஒரு தாளமும் சிந்தாமல் இரண்டும் மேலே போகின்றன. பதினைந்திலும் அப்படியே. பதினாறில், அந்த இடம் வருவதற்கு முன்பே மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து ஒரே விளக்கு மிச்சமிருக்கிறது. வெளிச்சம் விழுவது மணிக்கட்டின் மேல். லைட்காரருக்கு முன்கூட்டியே சொல்லாமல் அது நடக்காது. பதினேழிலும் அதே விளக்கு.

தப்பிப்பதற்காக ஓடி வந்த கை, நாலே வருடத்தில் ஆட்டமாகிவிட்டது. வீட்டம்மா சொன்னதும் சரி, வாத்தியார் சொன்னதும் சரி. இரண்டையும் ஒரே மனிதன் ஒரே மேடையில் செய்திருக்கிறான். அவளுக்குக் கண் எரிந்தது. திரையைப் பார்த்த எரிச்சலா, வேறெதுவுமா என்று அவள் ஆராயவில்லை. எழுந்து போய் முகம் கழுவி, டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து எழுதினாள்.

'வரிசைக்கான ஆதாரம்: ஆறாம் நிமிடத்தில் வலது கை எழும் உயரம். ஐந்தாம் ஆண்டு வரை கை தலைக்கு மேல் எழுகிறது. ஆறாம் ஆண்டிலிருந்து உயரம் படிப்படியாகக் குறைகிறது. பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் வலது கை நின்ற பிறகு இடது கை வந்து தாங்குகிறது. பதினான்காம் ஆண்டிலிருந்து வலது கை எழுவதற்கு முன்பே இடது கை வந்து அதை எடுத்துச் செல்கிறது. பார்வை முன்னோக்கி இருக்கிறது. பதினாறாம் ஆண்டிலிருந்து இவ்வசைவுக்கென்று தனி விளக்கு அமைக்கப்பட்டிருக்கிறது.'

வீட்டம்மாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினாள்.

"அந்த வார்த்தை எங்கயும் வரலையே?" என்றார் அந்த அம்மாள்.

"வரலம்மா."

"அப்ப சரி. இடது கை முதல்ல வந்துதுன்னு எனக்கே இத்தன நாளாத் தெரியாது. நான் எப்பவும் அந்த இடம் வந்தாக் கண்ணை மூடிக்குவேன்."

வாத்தியாரை மேலாளரே நேரில் போய் அழைத்து வந்தாள். இந்த முறை மெதுவாக ஏறி வந்தார். எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். எக்ஸ்ரே அக்கா வாசித்தாள். 'பத்தாவது வருஷத்தைப் போடுங்க' என்றார். போட்டாள். மாஸ்டரின் கண் கைக்குத் தாவியது. இடது கை ஓடி வந்தது. தாளம் தவறியது.

வாத்தியார் திரையின் ஓரத்தை விரலால் தொட்டார். அங்கே பாதி இருட்டில், தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"இது நான். அன்னிக்குத் தாளம் விட்டது நான்தான்னு நெனச்சேன். உள்ள போனதும் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லப்பான்னார்." கொஞ்சம் நிறுத்தி, "பரவாயில்லப்பான்னார்" என்று மறுபடி சொன்னார்.

பதினாலாம் வருடத்தைப் போடட்டுமா என்று இவள் கேட்டாள். அவர் தலையசைத்தார். அதைப் பார்த்து முடித்தபோது அவர் முகத்தில் பழைய பெருமை கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் முன்னைப்போல் சத்தம் போடும் பெருமை இல்லை.

"சொன்னேன் இல்ல, வேணும்னுதான் செஞ்சார்னு" என்றார்.

"ஆமாம் சார். அதையும் எழுதியிருக்கேன்."

"நொண்டிக் கைன்னு சொன்னது நான்தான். நீங்க சொல்லல." எழுந்து, அவளைப் பார்க்காமலே கை கூப்பிவிட்டு இறங்கிப் போனார்.

பதிவு ஏறியது. பட்டியலில் மணிக்கட்டுத் தாங்கலின் விளக்கத்தை மேலாளர் திருத்தினாள்; என்ன குறிக்கிறது என்பதை எடுத்துவிட்டு, எந்த வருடத்திலிருந்து எப்படி வருகிறது என்பதைச் சேர்த்தாள். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் திறக்கப்பட்டது பதினொரு தடவை. அதில் நாலு தடவை, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று எக்ஸ்ரே அக்காவே திறந்தது. மூன்று தடவை மாஸ்டர் வீட்டம்மா. அவர் பேத்தியை விட்டுத் திறக்கச் சொன்னாராம். அந்தப் பெண்தான் போனில் சொன்னாள்.

அவளுடைய கழுத்து வலி தோளுக்கு இறங்கியது. கணவர் வெந்நீர்ப் பையைச் சூடாக்கிக் கொடுத்தார். 'ஆடறவங்களுக்கு ஒரு மடங்குன்னா, பாக்கறவங்களுக்கு ரெண்டு மடங்கா வலிக்குது' என்று முனகினாள். அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.

மழை விட்ட ஒரு காலை வேளையில் இரண்டு ஆட்கள் ஏழு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். வாத்தியார் அனுப்பியிருந்தார். பள்ளியின் ஒத்திகை நாடாக்களாம். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'இவற்றிலும் சீட்டு இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை. நிதானமாகப் பார்க்கவும்.'

"எத்தன இருக்குக்கா?" என்று மேலாளர் அறை வாசலில் நின்று கேட்டாள்.

எக்ஸ்ரே அக்கா எண்ணினாள். நூற்று நாலு.

"அம்மாடி" என்றாள். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மேலே கிடந்த நாடாவை ஊதித் தூசியைத் தட்டினாள்.